கடத்தல் நாவலுக்கு ஏன் இத்தனை விதமான ரிவ்யூ? ஒரு எழுத்தாளருக்கு எடிட்டரோட பதில்

வணக்கம்ங்க. உங்க லெட்டரும் புக்கும் சேர்ந்தே வந்துச்சு. லெட்டருக்கு உடனே பதில் போடாம முதல்ல நாவலை முழுசா படிச்சுட்டுத்தான் எழுதறேன், ஏன்னா ரிவ்யூவை மட்டும் கையில வச்சுக்கிட்டு நான் ஏதாவது சொன்னா அது உங்க நாவலுக்கு பதிலா இருக்காது.

இதைப் படிக்கற மத்தவங்களுக்காக விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். இது இவரோட முதல் நாவல், 340 பக்கம். இடைத்தேர்தல் நேரத்துல ஒரு நிதி மந்திரியைக் கடத்திடறாங்க. கடத்தினவங்க கேக்கறது ரெண்டு: ஜெயில்ல இருக்கற நாலு பேரை விடணும், ஒரு நிலத் திட்டத்தோட ரகசிய ஃபைலை டிவில வாசிக்கணும். வாசகர்கள் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல் 80 பக்கம் வெறும் கட்சி மீட்டிங், ஒண்ணுமே நடக்கலன்னு சில பேர், அந்த அரசியல் பகுதிதான் உயிர், சேஸிங் எல்லாம் பழசுன்னு சில பேர். கடத்தினவங்களை ஹீரோ ஆக்கிட்டீங்கன்னு ஒருத்தர், நீங்க கவர்மென்ட் ஆளுன்னு இன்னொருத்தர். கடைசில மந்திரி போற ரூட்டை யார் காட்டிக் கொடுத்தாங்கன்னு சொல்லாம முடிச்சது ஏமாத்து வேலைன்னு நிறைய பேர். ரெண்டாவது பதிப்பு வரப் போகுது, யார் பேச்சைக் கேட்டு எதை மாத்தறதுன்னு கேக்கறீங்க. லெட்டர் முடியற இடத்துல, சும்மா போற போக்குல, "ஒரு வாசகி நடுவுல மந்திரியை மறந்தே போயிட்டேன்னு சொன்னாங்க, அது பெரிய விஷயமில்ல"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த வரிதான் முக்கியமா படுது, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அரசியல் கடத்தல் கதைன்னாலே வாசகர்கள் பிரிஞ்சுதான் போவாங்க. அந்தக் கதைக்குள்ள ரெண்டு கேள்வி ஒரே நேரத்துல ஓடுது, இந்த ஆள் உயிரோட திரும்புவாரா மாட்டாரான்னு ஒண்ணு, ஒரு உயிருக்காக ஒரு அரசாங்கம் எவ்வளவு தூரம் இறங்கி வரலாம்னு இன்னொண்ணு. முதல் கேள்விக்காக வந்தவங்களுக்கு ரெண்டாவது போரடிக்கும், ரெண்டாவதுக்காக வந்தவங்களுக்கு முதல் கேள்வி சாதாரணமா தெரியும். நிஜத்துல நடந்ததைப் பாருங்க. 1989 டிசம்பர் 8 அன்னைக்கு அப்போதைய மத்திய உள்துறை அமைச்சரோட மகள் ரூபையா சயீதை ஸ்ரீநகர்ல கடத்தினாங்க, அஞ்சு போராளிகளை விடுவிச்சதும் 13-ஆம் தேதி அவங்க வீடு திரும்பிட்டாங்க. உயிர் பிழைச்சாச்சு, கதை முடிஞ்சுதா? அன்னைக்கு அரசு செஞ்சது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. அதுக்கு நேர் எதிரா 1978-ல இத்தாலில ஆல்டோ மோரோ. அஞ்சு தடவை பிரதமரா இருந்தவர், ரெட் பிரிகேட்ஸ்ங்கற இடதுசாரி தீவிரவாதக் குழு ஆளுங்க மார்ச் 16 அன்னைக்கு ரோம்ல நடு ரோட்டுல வச்சு தூக்கிட்டுப் போனாங்க, பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு அரசு நின்னுச்சு, 55-ஆவது நாள், மே 9 அன்னைக்கு, ஒரு சிவப்பு ரெனோ காரோட பின்பக்கம் அவர் உடம்பு கிடைச்சுது. அங்கயும் அதே சண்டைதான், இறங்கி வந்திருக்கணுமா கூடாதான்னு. அதனால உங்க புக்கைப் படிச்சுட்டு ரெண்டு பேர் எதிரும் புதிருமா பேசினா அதுக்காக மட்டும் பயப்படாதீங்க, அந்தக் கேள்வியை நீங்க உண்மையாவே எழுப்பியிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஆனா இதை வச்சு உங்களை சமாதானப்படுத்தி அனுப்ப எனக்கு மனசு வரல. "ரெண்டு பக்கமும் திட்டறாங்க, அப்போ நான் நடுநிலையாத்தான் எழுதியிருக்கேன்"னு லெட்டர்ல ஒரு இடத்துல சொல்றீங்களே, அது அப்படியே உண்மையாயிடாது. ரெண்டு பக்கமும் திட்டறதுக்கு ரெண்டு தனித்தனி தப்பும் காரணமா இருக்கலாம். ரிவ்யூல தீர்ப்பை விட்டுடுங்க, புக்குல எந்தப் பக்க நம்பர்ல நின்னுக்கிட்டு அந்தத் தீர்ப்பை சொல்றாங்கன்னு மட்டும் தேடுங்க. வாசகருக்கு எங்க இடறுதுங்கறது பெரும்பாலும் கரெக்டா தெரியும், ஏன் இடறுதுன்னு அவங்க சொல்ற காரணம் பல தடவை தப்பா இருக்கும்.

"கடத்தினவங்களை ஹீரோ ஆக்கிட்டீங்க"ங்கற புகாரையே எடுத்துக்கோங்க. நீங்க இதை கொள்கைப் பிரச்சினையா எடுத்துக்கிட்டு, தீவிரவாதிக்கும் ஒரு கதை இருக்கு, அதை சொல்லக்கூடாதான்னு கோவப்படறீங்க. தாராளமா சொல்லலாம், சொல்லியே ஆகணும். ஆனா புக்கைத் திறந்து பாருங்க, 92-ஆம் பக்கத்துல மந்திரியோட டிரைவர் சுட்டுக் கொல்லப்படறாரு. அவருக்கு பேரே கிடையாது. "டிரைவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்தான்", அவ்வளவுதான், ஒரே வரி. அதுக்கப்புறம் அவரை யாருமே நினைக்கல, மந்திரி கூட. ஆனா அவரைச் சுட்டவனோட சின்ன வயசுக் கதை அடுத்த அத்தியாயத்துல 12 பக்கம் வருது, அவன் அம்மா, அவன் ஸ்கூல், அவங்க நிலம் போன கதை. அந்த வாசகருக்கு கோவம் வந்தது அந்த 12 பக்கத்தால இல்லைங்க, அதுக்கு முன்னாடி வந்த ஒரு வரியால. ஒருத்தன் சாவுக்கு ஒரு வரி, கொன்னவன் வலிக்கு 12 பக்கம்னு வாசகர் மனசு தானா கணக்குப் போட்டுடும், அதை சரியா சொல்லத் தெரியாம "நீ அவங்க பக்கம்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

மோரோவைக் கடத்தின அன்னைக்கு அவரோட பாதுகாப்புக்கு வந்த அஞ்சு பேரும் அந்த ரோட்டுலயே செத்தாங்க, உலகத்துக்கு ஞாபகம் இருக்கறது மோரோ பேர் மட்டும்தான். இன்னும் கிட்டத்துல பாருங்க, 2000 ஜூலை 30 அன்னைக்கு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினப்போ அவர் 108 நாள் காட்டுல இருந்தாரு, வீரப்பன் கேட்டபடி தடாங்கற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துல பிடிச்ச கைதிகளை விடறதுக்கு அரசு ரெடியாவும் இருந்துச்சு, அதை சுப்ரீம் கோர்ட் நிறுத்துச்சு. கோர்ட்டுக்குப் போனது யாரு தெரியுமா? வீரப்பன் கும்பலால கொல்லப்பட்ட ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரோட அப்பா. ஊர் உலகமே ஒரு பெரிய நடிகர் உயிருக்காகத் தவிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, என் பையன் உயிருக்கு என்ன பதில்னு ஒரு அப்பா போய் நின்னாரு. இதைப் படிக்கறப்போ எல்லாம் எனக்கு தொண்டை அடைக்குது. எந்தப் பக்கம் சரின்னு முடிவு பண்ண முடியாத ஒரு இடம் அது, ஒரு அரசியல் த்ரில்லருக்கு இதை விட பெரிய விஷயம் வேற என்ன வேணும்? உங்க டிரைவருக்கு ஒரு பேர் கொடுங்க. அவர் வீட்டுல ஒரு சீன் வைங்க, நாலே பக்கம் போதும், அழுகை சீனா வைக்காதீங்க. நாலு பேரை ரிலீஸ் பண்ணப் போறாங்கன்னு டிவில நியூஸ் ஓடுது, அதை அந்த வீட்டுல யார் எப்படிக் கேக்கறாங்கன்னு காட்டினா போதும். அதுக்கப்புறம் கடத்தினவனோட 12 பக்கத்தையும் தொடாம அப்படியே வச்சுக்கலாம், ஹீரோ ஆக்கிட்டீங்கன்னு சொல்றவங்க பாதிப் பேர் அந்தப் புகாரை விட்டுடுவாங்கன்னு நினைக்கறேன்.

சரி, அந்த "கவர்மென்ட் ஆளு" புகார். இது நியாயமான புகார் இல்ல, ஆனா அப்படித் தோண ஒரு காரணம் இருக்கு. போலீஸ் தரப்பு ஆளுங்க உங்க நாவல்ல நல்லா பேசறாங்க, கடத்தினவங்கள்ல தலைவனா வர்றவன் மட்டும் எப்போ வாயைத் திறந்தாலும் மேடைப் பேச்சு பேசறான், வித்தியாசம் அதுதான். 118-ல இருந்து 121 வரைக்கும் அவன் பேசறதை சத்தமா படிச்சுப் பாருங்க, மூச்சு வாங்கும். பாதியா வெட்டுங்க, மீதியை மந்திரி குறுக்க குறுக்க பேசற மாதிரி உடைச்சுப் போடுங்க. நிதி மந்திரிக்கு அந்த நிலத் திட்டத்தைப் பத்தி பதில் சொல்லத் தெரியாதா என்ன?

ஃபைலை டிவில வாசிக்கச் சொல்றது சினிமாத்தனம்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். 1969 செப்டம்பர்ல பிரேசில்ல அமெரிக்கத் தூதர் சார்லஸ் எல்பிரிக்கைக் கடத்தினவங்க கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான், 15 கைதிகளை விடணும், எங்க அறிக்கையை மீடியால வெளியிடணும்னு. ராணுவ ஆட்சி ரெண்டையும் செஞ்சுது, தூதரும் சில நாள்லயே வந்துட்டாரு. ஆனா நிஜத்துல நடந்துச்சுங்கறதை வாசகர்கிட்ட ஆதாரமா நீட்ட முடியாது, நீங்க எழுதின பக்கத்துல அது நம்பற மாதிரி இருக்கணும். உங்க நாவல்ல அந்த ஃபைலை டிவில வாசிக்கப் போற நியூஸ் ரீடர் யாரு, அந்த சேனல்ல என்ன சண்டை நடந்துச்சு, எந்த வரியை அடிக்கச் சொன்னாங்கன்னு ஒரு சின்ன இடம் இருந்தா சினிமாத்தனம் போயிடும்.

ஆரம்பம் ஸ்லோங்கற புகார். இங்க நாவலை விட பின் அட்டைதான் குற்றவாளின்னு எனக்குத் தோணுது. "முதல் பக்கத்திலேயே உங்களையும் கடத்திவிடும்"னு பின் அட்டையில போட்டிருக்காங்க, மந்திரி கடத்தப்படறதோ 88-ஆம் பக்கத்துல. அதை நம்பி வாங்கினவருக்கு கோவம் வராம என்ன செய்யும், முதல்ல பின் அட்டையை மாத்தச் சொல்லுங்க. அதுக்காக கடத்தல் சீனைத் தூக்கி முன்னுரை மாதிரி முன்னாடி வச்சுடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன், கட்சி மீட்டிங் பக்கங்கள் உங்க நாவலோட பலம், அந்த கூட்டணி பேரத்தை எல்லாம் ரொம்ப ரசிச்சுப் படிச்சேன். அதுல ஒண்ணுதான் குறையுது, யாரோ கவனிச்சுக்கிட்டு இருக்காங்கங்கற உணர்வு. மோரோ விஷயத்துல அவர் காலைல எந்த வழியா போவாரு, எந்தச் சர்ச்சுல நிப்பாருன்னு முன்னாடியே பார்த்து வச்சிருந்தாங்க. அன்னைக்கு சுட்டவங்கள்ல சில பேர் ஏர்லைன்ஸ் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, வண்டிக்காக காத்திருக்கற ஸ்டாஃப் மாதிரி ரோட்டோரம் நின்னுட்டு இருந்தாங்க. பெரிய வேலைக்கு முன்னாடி இருக்கற நாட்கள் வெளில பார்க்க சாதாரணமாத்தான் இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டு இருக்கற ஒரு கண்ணு கதைக்குள்ள இருந்தா அதே மீட்டிங் சீன் பதட்டமாயிடும். உங்க 80 பக்கத்துல மூணே இடத்துல, ரெண்டு ரெண்டு வரியா, அந்தக் கண்ணை வைங்க. மீட்டிங் ஹால்ல டீ கொடுக்கற ஆள் மந்திரி எந்த வாசல் வழியா வெளில போறாருன்னு பாக்கறான்னு ஒரு வரி போதும்.

இப்போ நீங்க பெரிய விஷயமில்லன்னு சொன்னதுக்கு வரேன். மந்திரியை மறந்துட்டேன்னு அந்த வாசகி சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்தேன், 142-ல மந்திரியை அந்த ரூம்ல பூட்டறாங்க, அதுக்கப்புறம் 213 வரைக்கும் அவர் ஒரு தடவை கூட வரல. எழுபது பக்கத்துக்கு மேல! அவ்வளவு நேரமும் போலீஸ் கண்ட்ரோல் ரூம், டெல்லி போன்கால், எதிர்க்கட்சி பேட்டி. உயிரோட இருக்காரா இல்லையாங்கற முதல் கேள்வியை நீங்களே அணைச்சுட்டீங்க, அப்புறம் அரசியல் மட்டும் தனியா நிக்குது. நாவல் ஸ்லோன்னு சொன்னவங்கள்ல சில பேருக்கு உண்மையில இடறினது இந்த இடமா இருக்கும், ஆனா ஸ்லோன்னா ஆரம்பம்தான்னு நினைச்சு ஆரம்பத்தைத் திட்டியிருப்பாங்க.

இதுல இன்னொரு விஷயமும் சேர்ந்துக்குது, கெடு. கடத்தினவங்க 48 மணி நேரம் டைம் கொடுக்கறாங்க, முடியுது, ஒண்ணும் நடக்கல. இன்னொரு 24 மணி நேரம், அதுவும் முடியுது. மூணாவது தடவை கெடு வைக்கறப்போ எனக்கு பயமே வரல. நிஜத்துல கெடுவைத் தள்ளிப் போடறதுதான் பேச்சுவார்த்தை நடத்தறவங்களோட முக்கிய வேலை. 1972-ல மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 11 இஸ்ரேல் விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் கொல்லப்பட்டதுக்கு அப்புறம், நியூயார்க் போலீஸ் இதுக்குன்னே தனி டீம் ஆரம்பிச்சாங்க, அந்த வழிமுறையோட சாரமே அவசரப்படாம பேசிப் பேசி நேரத்தை இழுக்கறதுதான். அதனால உங்க நாவல்ல பேச்சுவார்த்தை நடத்தற ரிட்டயர்டு போலீஸ் ஆபீசர் கெடுவைத் தாண்ட வைக்கறது சரியான வேலைதான். ஆனா ஒவ்வொரு தடவை கெடு தாண்டறப்போவும் யாருக்காவது ஏதாவது போகணும், ஒரு சலுகை, ஒரு பொய், ஒரு நம்பிக்கை, ஏதோ ஒண்ணு. மோரோ கேஸ்ல ஏப்ரல் 18 அன்னைக்கு, அவரைக் கொன்னாச்சு, உடம்பு மலைமேல இருக்கற ஒரு ஏரில கிடக்குன்னு ஒரு போலி அறிக்கை வந்துச்சு. பனி உறைஞ்ச ஏரில போய் தேடினாங்க, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு மோரோவோட போட்டோ வருது, கையில ஏப்ரல் 19 தேதி பேப்பர், அதுல தலைப்பே மோரோ கொல்லப்பட்டாரான்னு கேள்விக்குறியோட. தான் செத்துட்டோமான்னு கேக்கற பேப்பரைத் தானே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற மனுஷன். அந்த ரெண்டு நாள் அவர் குடும்பம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க, கெடுங்கறது வெறும் கடிகாரம் இல்லன்னு புரியும்.

நல்ல செய்தி என்னன்னா உங்ககிட்ட இதுக்கான மருந்து ஏற்கனவே இருக்கு. 231-ஆம் பக்கம். சுகர் மாத்திரை கொண்டு வர்ற அந்தச் சின்னப் பையன் அட்டையை அப்படியே தராம, கத்திரிக்கோலால ஒவ்வொரு மாத்திரையா வெட்டி வெட்டித் தர்றான். மந்திரி கண்ணு மாத்திரைல இல்ல, அவன் கையில மிச்சம் இருக்கற அட்டைல இருக்கு, இன்னும் ஆறு இருக்கு, அப்போ மூணு நாள். புது அட்டை வாங்கிட்டு வந்தா நம்மளை வச்சிருக்கப் போறாங்க, வாங்கலன்னா? இந்த ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு புக்கை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் போய் 231-ல ஒளிச்சு வச்சிருக்கீங்களே! இதை 150 கிட்ட கொண்டு வாங்க, பத்து மாத்திரை இருக்கற அட்டையா ஆரம்பிங்க. அப்புறம் கண்ட்ரோல் ரூம் சீனுக்கு நடுவுல அரை அரைப் பக்கமா அந்த ரூமுக்குத் திரும்பிப் போங்க, எட்டு, அஞ்சு, ரெண்டு. டெல்லில போன்ல இழுத்துப் பேசிக்கிட்டு இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் வாசகருக்கு அட்டை ஞாபகத்துக்கு வரும், அரசியல்ல ஒரு வரி கூட வெட்ட வேண்டியிருக்காது. அரசியல் பிடிச்சவங்களுக்கும் த்ரில்லர் பிடிச்சவங்களுக்கும் ஒரே பக்கத்துல வேலை நடக்கும்.

மந்திரி அந்தப் பையன் மேல பாசமாகறது ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம், அதாவது பிடிச்சு வச்சிருக்கறவங்க மேலயே மாட்டிக்கிட்டவருக்குப் பாசம் வர்றது, நம்பற மாதிரி இல்லன்னு ஒரு ரிவ்யூ. அந்தப் பேர் 1973 ஆகஸ்ட்ல ஸ்டாக்ஹோம்ல நடந்த ஆறு நாள் பேங்க் முற்றுகைல இருந்து வந்தது, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தற டிஎஸ்எம் கையேட்டுல அப்படி ஒரு நோயே தனியா கிடையாது. அந்த பேங்க்ல மாட்டிக்கிட்டவங்கள்ல ஒரு பெண், உள்ள இருக்கற கொள்ளைக்காரனை விட போலீஸ் உள்ள பூந்துடுவாங்களோன்னுதான் பயமா இருக்குன்னு பிரதமர்கிட்டயே போன்ல சொன்னாங்க. அதை யோசிச்சுப் பார்த்தா நோய் மாதிரியா இருக்கு, புத்திசாலித்தனமான பயம் மாதிரிதான் எனக்குத் தெரியுது. மாத்திரை சீன் முன்னாடி வந்துட்டா இந்தப் புகாரும் தானா குறையும், ஏன்னா இப்போ அந்தப் பாசம் ஒரே அத்தியாயத்துல திடீர்னு வருது.

கடைசியா முடிவு. ரூட்டை யார் சொன்னாங்கன்னு சொல்லாம விட்டதை, நிஜ வாழ்க்கைல எல்லாத்துக்குமா பதில் கிடைக்குதுன்னு நியாயப்படுத்தறீங்க. கிடைக்காதுதான், மோரோ கேஸ்ல எத்தனையோ விசாரணை, வழக்கு, பாராளுமன்றக் கமிஷன் எல்லாம் போட்டும் கேள்விகள் தீரல. ஆனா நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு பாருங்க. 61-ல பிஏ திடீர் லீவு, 174-ல கேட் ரெஜிஸ்டர்ல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு, 260-ல அந்தக் கிழிஞ்ச பக்கம் யார் பையிலயோ இருக்கறதா காட்டறீங்க. இவ்வளவும் கொடுத்தா வாசகர் கண்டுபிடிக்க ஆரம்பிச்சுடுவாரு, அவரை வேலை வாங்கிட்டு கூலி கொடுக்காம அனுப்பினா கோவப்படத்தான் செய்வாரு. உலகம் பதில் தராம விடறது வேற, பதில் தெரிஞ்ச எழுத்தாளர் மறைச்சு வைக்கறது வேற, வாசகருக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். ஒண்ணு அந்தக் கிழிஞ்ச பக்கத்தை நாவல்லயே இல்லாம எடுத்துடுங்க, இல்லன்னா வாசகருக்கு மட்டும் யாருன்னு தெரிய வைங்க, போலீசுக்கும் மந்திரிக்கும் தெரியவே வேண்டாம். ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. காட்டிக் கொடுத்தவர் அடுத்த கேபினட் மீட்டிங்ல மந்திரிக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறதை வாசகர் மட்டும் பாக்கறாருன்னா, நீங்க சொல்ல வந்த அரசியல் அங்க தெளிவா வந்துடும்.

ரிவ்யூ போட்டவங்க யாருக்கும் விளக்கம் சொல்லி பதில் எழுதாதீங்க. அந்த வாசகிக்கு மட்டும் ஒரு நன்றி சொல்லுங்க, முடிஞ்சா அவங்க புக்கை கீழ வச்சுட்டுத் தூங்கப் போன பக்கம் எதுன்னு கேளுங்க, இன்னும் மூணு நாலு பேர்கிட்டயும் அதையே கேளுங்க. நல்லா இருந்துச்சா இல்லையான்னு கேக்கறதை விட அந்தப் பக்க நம்பர் உங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இன்னொண்ணு. இவ்வளவு மாத்தினா அது வெறும் மறு அச்சு ஆகாது, பதிப்பாளர்கிட்ட இப்பவே பேசி, திருத்திய பதிப்புன்னு உள்ள தெளிவா போடச் சொல்லுங்க, முதல் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு அது தெரியணும். 142-ல இருந்து 213 வரைக்கும் மாத்தி எழுதினதும் எனக்கு அனுப்புங்க, மீதிக்கு முன்னாடி அதை நான் படிச்சுடறேன்.